என் பெயரில் விழுந்த கோல்கள்

மகனே,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, நாயனத்துக்குச் சொல்லியாகிவிட்டது, முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி உன் அம்மா குலதெய்வத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். அந்த விவரமெல்லாம் போன கடிதத்தில் இருக்கிறது. இது வேறு கடிதம். பிலாய் உருக்காலைக் குடியிருப்பில் உன் அறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, பத்துப் பேருக்குக் காட்டினாலும் சரி, உன் இஷ்டம். ஊருக்கே தெரியவேண்டிய விஷயம்தான். ஆனால் உனக்கு முதலில் தெரியவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். உன் கல்யாணத்தில் வாசித்துக் கொடுக்க வாழ்த்து மடல் எழுதியிருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் நான் ஒருமுறை பார்க்கவேண்டுமாம். "திருச்சி மைதானங்களில் கோல் மழை பொழிந்த வீரரின் மைந்தனே" என்று உன்னை விளித்து ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் காட்டூரில் தன் வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "நான் அப்ப மதுரையில வேலையா இருந்தேங்க. உங்க பேரப் பேப்பர்ல தேடித் தேடிப் படிப்பேன். அந்த வீட்டுக்கே எம்பொண்ணு வரப்போவுதுன்னு நெனச்சா பெருமையா இருக்குங்க" என்றார். நான் சிரித்தேன். இருபது வருஷமாக யார் அதைச் சொன்னாலும் சிரிக்கிற அதே சிரிப்பு. நம் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பத்திரிகைத் துண்டில் என் பெயர் இருக்கிறது, இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் என்றும் இருக்கிறது. பெயர் என்னுடையதுதான். கோல் என்னுடையது இல்லை. அந்த இரண்டு மட்டுமில்லை, என் பெயரில் பத்திரிகையில் வந்த எந்தக் கோலையும் நான் அடிக்கவில்லை.

இதைச் சொன்னால் உன் மாமனார் என்ன நினைப்பாரோ, கல்யாணமே ஆடிப்போகுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்பது. இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

முதலில் கிளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் எதைக் கெடுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஐம்பதுகளின் தொடக்கம். நீ ஓடியாடத் தொடங்கிய வயது. தென்னூரில் காதர் பாய் கோலி சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு ஓட்டுக்கொட்டகை, ஒரு காஸ் மிஷின், நாலு பேர். சாயங்காலம் பாட்டில் கழுவி முடித்ததும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சோடாப் பெட்டிகளை அடுக்கி கோல் போஸ்ட் ஆக்கிப் பந்தடிப்போம். நான் மரக்கடையில் கட்டை அளந்துகொண்டிருந்தேன். மற்றவர்களில் தையற்காரர் உண்டு, பஸ் கண்டக்டர் உண்டு, ரயில்வேயில் கரி அள்ளுகிறவர்கள் உண்டு. பூட்ஸ் நாலு பேருக்குத்தான். மீதிப் பேர் வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். மழைக்காலத்தில் பொட்டல் சேறாகிவிடும், வெயில் காலத்தில் பாறையாகிவிடும். எதற்கும் ஆட்டம் நின்றதில்லை. பாய்தான் ஒருநாள் "சும்மா அடிச்சுக்கிட்டுக் கெடக்குறதுக்கு ஒரு பேர வச்சு அடிப்போம்பா" என்றார். தென்னூர் ஐக்கியக் கால்பந்துக் குழு என்று பெயர் வைத்தோம். பாய் தலைவர். எழுதப் படிக்கத் தெரிந்து கையெழுத்தும் நன்றாக இருந்ததால் நான் செயலாளர். பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டத்துக்கு முன் பதினொரு பேர் பெயரை எழுதி நடுவரிடம் கொடுப்பது, ஆட்டம் முடிந்ததும் முடிவை ஒரு தாளில் எழுதிப் பத்திரிகை ஏஜெண்டிடம் சேர்ப்பது, இவ்வளவுதான் செயலாளரின் அதிகாரம். எவ்வளவு சின்ன அதிகாரத்தை வைத்துக்கொண்டும் மனுஷன் எவ்வளவு பெரிய தப்புச் செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி.

நானும் ஆடினேன், பேக் இடத்தில். மோசமில்லை. வருகிற பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாவது வருஷம் எங்கள் பொட்டலிலேயே ஒரு குழியில் கால் மாட்டி வலது முட்டி பிசகிக்கொண்டது. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் நீவினார்கள். நடக்க வந்தது, ஓட வரவில்லை. நான் கோட்டுக்கு வெளியே சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அந்த மாதம்தான் சௌந்தரராஜன் வந்தான்.

அவன் ஸ்ரீரங்கத்துப் பையன். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். இருபது வயது. திருச்சியில் காலேஜில் படிக்கும்போது மைதானத்தில் பந்தைத் தொட்டிருக்கிறான், அது விடவில்லை. படிப்பை முடிக்காமல் அப்பாவோடு கோயில் கைங்கரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருவான். குடுமியைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவான். முதல் நாள் அவன் பந்தை வாங்கித் திரும்பிய விதத்தைப் பார்த்துவிட்டு பாய் கையிலிருந்த சோடாவைக் குடிக்க மறந்துபோனார். ஆனால் அந்தக் காலத்துப் பந்து எப்படிப்பட்டது தெரியுமா? மாட்டுத்தோல். தோல் வெடிக்காமலிருக்க வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுக்கொழுப்பு தடவி வெயிலில் வைப்போம். அதைத்தான் அவன் தலையால் முட்டினான். அந்த வீட்டுக் கண்ணில் அது என்னவாக இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். ஆட்டம் முடிந்து போகும்போது அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கிக் காவேரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். தண்ணீர் இல்லாத மாதத்தில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குளிப்பான். இந்த வயதில் இரண்டு வேளை ஸ்நானம் பண்ணுகிற பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் அவனுக்கு நல்ல பேர் என்று சொல்லிச் சிரிப்பான்.

"அண்ணா, நான் எங்க வேணும்னாலும் வந்து ஆடறேன். ஆனா பேப்பர்ல என் பேர் வரப்படாது. அப்பா ஒரு வரி விடாம படிப்பார். தெரிஞ்சா ஆத்துக்குள்ள விடமாட்டார்" என்றான்.

லீக்கில் வருஷ ஆரம்பத்திலேயே ஆட்டக்காரர் பெயரைப் பதிந்துவிடவேண்டும். இடையில் புதுப் பெயர் சேர்க்க முடியாது. என் பெயர் பதிவில் இருந்தது, ஆடத்தான் ஆளில்லை. "எம்பேருல ஆடு சௌந்தரு. எனக்குத்தான் முட்டி போச்சு, பேராவது ஓடட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது ஒரு நல்ல காரியம் என்றே தோன்றியது. மற்ற கிளப்புகளிலும் இப்படி நடக்கும். ஒருவன் பெயரில் இன்னொருவன் ஆடுவான், நடுவர் கண்டுகொள்ளமாட்டார். யாராவது எழுதிக் கொடுத்து மேலே போனால் மட்டும் ஆள் மாறாட்டம் என்று கிளப்பையே தடை செய்துவிடுவார்கள்.

அடுத்த வருஷம் முறையாக அவன் பெயரைப் பதிந்திருக்கலாம். அவன் அப்பாவுக்காக மறுபடி என் பெயரிலேயே விட்டோம். இதில் ஒரு வேடிக்கை வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்டம் பார்க்க வருகிற ஜனத்துக்கு உண்மை தெரியும். குடுமி வைத்தவன் நானில்லை என்று பார்க்கக் கண்ணிருந்தால் போதுமே. ஆனாலும் அவன் பந்தைத் தொட்டால் மொத்த ஜனமும் என் பெயரைச் சொல்லித்தான் கத்தும். ஸ்ரீரங்கத்தார் யார் காதிலாவது விழுந்துவிடக்கூடாதே என்று ஊரே சேர்ந்து ஒரு பையனை மறைத்து வைத்திருந்தது. சோடாப் பெட்டி மேல் நொண்டிக்காலோடு உட்கார்ந்திருப்பேன். நானூறு ஐந்நூறு பேர் என் பெயரைக் கத்துவார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு பிடித்துப்போயிற்று. ஆட்டத்தன்று காலையிலேயே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். தப்பு அங்கேதான் முளை விட்டது. நான் கவனிக்கவில்லை.

அப்புறம் ஷீல்டு இறுதி ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டும் சௌந்தரராஜன். பத்திரிகையில் என் பெயர். உன் அம்மா அதை வெட்டி எடுத்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டினாள், தெரிந்தேதான், விளையாட்டாக. இரண்டு மாதம் கழித்து ஒரு மில்லிலிருந்து கிளப்புகளுக்குக் கடிதம் வந்தது. அவர்கள் சொந்தமாக அணி வைத்திருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர் ஒருவரைக் கிளப் சிபாரிசு செய்தால் நிரந்தர வேலை. தலைவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் பத்திரிகைச் செய்தியும் போதும், சேர்ந்த பிறகு ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது.

மறுநாளே சௌந்தரராஜன் மரக்கடைக்கு வந்தான். அந்தக் கடைக்கு அவன் வந்ததே அந்த ஒருதரம்தான். கட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "அண்ணா, இந்தத் தடவை மட்டும் என் பேரை எழுதுங்கோ. வேலை ஒண்ணு கைல இருந்தா அப்பா முன்னாடி நின்னு நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன். எத்தனை நாள்தான் ஆத்துல முழுகி முழுகிப் போறது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

நான் சொன்னேன், "எழுதலாம் சௌந்தரு. ஆனா பேப்பர்ல இருக்கறதெல்லாம் எம்பேரு. இத்தனை நாள் ஆடுனது நீன்னு எழுதுனா ஆள் மாறாட்டம்னு கிளப்ப மூடிருவாங்க. பத்து பேருக்குப் பொழப்பு மாதிரி இது."

அவன் என் சட்டையை விட்டான். "ஆமாம், நான் யோசிக்கலை. பத்துப் பேர் இருக்காளே. அப்போ யார் பேரும் போக வேண்டாம் அண்ணா, விட்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். யார் பேரும் போகாது என்றுதான் அவன் நம்பினான். நான் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் சான்றிதழை என் பெயருக்கு எழுதி பாயிடம் கொண்டுபோனேன். பாய் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. "நெசத்த எழுதிருவோம்பா. கிளப் போனாப் போவட்டும், வேற பேருல ஒண்ணு ஆரம்பிச்சுக்குவோம். பந்து இங்கதானே கெடக்கு" என்றார். எவ்வளவு சுலபமான வழி பார். எனக்கு அது தோன்றாமலில்லை, தோன்றியதை நான் தள்ளிவிட்டிருந்தேன். "சௌந்தரே ஒத்துக்கிட்டான் பாய். என்னைய எடுத்துக்கச் சொல்லிட்டான்" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள்: "அந்தத் தம்பிக்கிட்ட கேட்டீங்களா?" கேட்டேன் என்றேன். ஒரு பொய்யை இரண்டு நல்ல மனிதர்களிடம் ஒரே நாளில் விற்றேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் அவனுடையது, பரிமாறிக்கொண்ட கை மட்டும் என்னுடையது.

வேலை வந்தது. உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு லீக் ஆட்டம். நான் மிட்டாய்ப் பொட்டலத்தோடு போயிருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் பாய் சௌந்தரராஜன் தோளைத் தட்டி ஏதோ சொல்வதைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது. "உன் மனசு எவனுக்கும் வராது தம்பி. வேலையவே விட்டுக் குடுத்துட்டியே" என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான்.

கால் மணி நேரம் இருக்கும். இரண்டு பேரைத் தாண்டிவிட்டான். எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். ஜனம் எழுந்து நின்று என் பெயரைக் கத்தியது. அவன் பந்து மேல் காலை வைத்து நிறுத்தினான். அடிக்கவில்லை. கத்தல் இன்னும் அதிகமாயிற்று, என்னவோ ஜாலம் காட்டப்போகிறான் என்று. அவன் பந்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். என் பக்கமாகத்தான் வந்தான். ஏதாவது கேட்பான், அடிப்பான் என்று எழுந்து நின்றேன். என்னைப் பார்க்கவேயில்லை. சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் பாலத்தைத் தாண்டிப் பந்தாட வரவில்லை. அன்று பத்துப் பேராக ஆடி ஐந்து கோல் வாங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் பாய் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். "கேட்டேன்னு சொன்னியே. கேட்டியா, கேக்கலையா?" என்றார்.

"புள்ளகுட்டி இருக்குது பாய்" என்றேன்.

"எனக்கு அஞ்சு இருக்கு. நான் என்ன பொய்ய அடைச்சா விக்கிறேன்?"

அதற்கு மேல் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிளப் இன்னும் சில வருஷம் ஓடியது என்று பேர். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். செயலாளர் வேலைக்கு வந்தவன் பெயரெழுதத் தாளை நீட்டினால், "இதுல எவன் பேருல எவன்?" என்று சிரிப்பார்களாம். ஒரு பையனை மறைத்து வைக்கச் செய்த நல்ல காரியமே கேலியாகிவிட்டது. அறுபதுகளில் பொட்டலை மனை போட்டு விற்றார்கள். சோடா கம்பெனி இருந்த இடத்தில் இன்று மாவு மிஷின் ஓடுகிறது. பாய் மௌத் ஆனபோது போனேன். கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். எந்தக் கிளப்பை மூடிவிடுவார்கள் என்று சொல்லி நான் சௌந்தரராஜனின் வாயை அடைத்தேனோ, அந்தக் கிளப்பைக் கொன்றது தடை இல்லை, நான்தான்.

மில்லில் முதல் பயிற்சியிலேயே என் லட்சணம் வெளுத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக முட்டியைக் காட்டினேன். முட்டி நிஜமாகவே வீங்கியும் இருந்தது. பாவம், நல்ல ஆட்டக்காரன், வந்த இடத்தில் அடிபட்டுவிட்டது என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். கையெழுத்து நன்றாக இருந்ததால் வருகைப் பதிவு எழுத டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் "இவரு யார் தெரியுமா?" என்று என்னைக் காட்டுவார்கள். ஒரு முறையாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி உனக்கும் எனக்கும் நடுவே இருக்கிற ஒன்றைச் சொல்லவேண்டும். தூங்கப்போகும்போது உனக்குக் கதை சொல்வேனே, இறுதி ஆட்டத்துக் கதை. இடது பக்கமாக ஓடி, இடது காலால் வளைத்து, கீப்பர் கைக்கு எட்டாமல் மூலையில் விழுந்த பந்து. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் நானே செய்ததாகச் சொன்னேன். உனக்கு எட்டு வயதிருக்கும். குவார்ட்டர்ஸ் முற்றத்தில் உனக்கு ரப்பர் பந்து உதைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க எப்பவும் வலது காலாலதானே உதைக்கிறீங்க? கதையில மட்டும் ஏன் இடது காலு?" என்று கேட்டாய். உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் உன்னை அடித்ததில்லை. எதற்கு அடித்தேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. நீ அழாமல், "தப்பாக் கேட்டுட்டேன்ப்பா" என்றாய். நீ கேட்டது தப்பில்லை, மகனே. அன்று நம் வீட்டில் சரியாகப் பேசியவன் நீ ஒருவன்தான். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

உன் படிப்பெல்லாம் இந்த வேலையால்தானே என்று நீ குமையவேண்டாம். படித்தவன் நீ. அது உன்னுடையது. அந்த வேலை இல்லாவிட்டால் பட்டினி கிடந்திருப்போம் என்று நானும் சொல்லமாட்டேன். மரக்கடை இருந்தது, கஞ்சிக்குக் குறைவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது, அதுதான் நிஜம். உனக்குக் கீழே இன்று முப்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உலையில் ஒருவன் ஒரு யோசனை சொல்லி வேலை சுலபமாகும். மேலே இருக்கிறவர் உன் முதுகைத் தட்டுவார். அந்த நிமிஷத்திலேயே அவன் பெயரைச் சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் மறுநாள் அது உன்னுடையதைப் போலவே தெரியும். வரப்போகிற பெண்ணிடம் எதை மறைத்தாலும், எதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறாயோ அது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காதே. அவள் அதைச் சமைத்துப் போடுகிறவள். நான் உன் அம்மாவை இருபது வருஷம் தெரியாமலே பங்குகாரி ஆக்கிவிட்டேன்.

வாழ்த்து மடல் வந்த அன்று, சௌந்தரராஜன் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூடத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். "மொதல்ல ஸ்ரீரங்கத்துக்குப் போய்ட்டு வாங்க. அப்புறம் புள்ளைக்கு எழுதுங்க. அவன் இத வேற யார் வாயிலேர்ந்தும் கேக்கக் கூடாது" என்றாள்.

போன ஞாயிறு போனேன். கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் அதே வீடுதான். அவன் அப்பா காலமாகிப் பல வருஷம். இப்போது இவன் கோயிலில் சேவிக்கிறான், மிச்ச நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். குடுமி பாதி நரைத்துவிட்டது. "வாங்கோ அண்ணா" என்றான், நேற்றுப் பார்த்தவனைப் போல. கோரைப்பாய் விரித்தான். உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். மற்றதைக் கடைசியில் சொன்னேன், உட்கார முடியாமல் நின்றுகொண்டே.

அவன் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். "கோவம் இல்லேன்னு சொன்னா அது பொய் அண்ணா. பத்து வருஷம் இருந்தது. அப்பறம் சுமக்க முடியலை, இறக்கி வெச்சுட்டேன். உங்களுக்காக இல்லை, எனக்காக" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அவன் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை. "கல்யாண சமயத்துல இதையெல்லாம் ஏன் கிளறணும்? சம்பந்தி என்ன நினைப்பார்?" என்று மட்டும் கேட்டான். அவன் எனக்காகக் கவலைப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது அவன் பெண் வைதேகி தண்ணீர் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாளாம். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. "மாமா, அப்பா நிஜமாவே ஃபுட்பால் ஆடினாரா? ஒரு நாள் சொன்னார். பாட்டி சிரிச்சா, நானும் சிரிச்சேன். பேப்பர்ல ஒரு இடத்துலகூட அப்பா பேர் இல்லையேன்னேன். அதுக்கப்பறம் சொல்றதையே விட்டுட்டார்" என்றாள்.

பெற்ற பெண்ணே நம்பாமல் போகும்படி ஒரு மனுஷனின் வாலிபத்தையே நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலையை எடுத்தது அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவளை உட்காரச் சொன்னேன். கிளப் தொடங்கியதிலிருந்து அவள் அப்பா பந்தை விட்டுவிட்டு நடந்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். பேப்பரில் வந்ததெல்லாம் உங்கப்பா ஆட்டம்மா, பெயர் மட்டும் என்னுடையது என்று சொன்னேன். சௌந்தரராஜன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். ஒரு தரம்கூட நிமிரவில்லை.

இதோ, மகனே, நான் செய்யப்போவது இது. வரும் வெள்ளிக்கிழமை காட்டூர் போய் உன் மாமனாரிடம் இதே கதையைச் சொல்கிறேன். மடலில் அந்த வரியை எடுக்கச் சொல்லியாகிவிட்டது. ஏன் என்று கேட்டவர்களுக்கும் காரணம் சொல்லிவிட்டேன். உன் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லலாம், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இதனால் உனக்கு ஏதாவது நஷ்டம் வந்தால் அது நான் வைத்த நஷ்டம். மேடையில் என் பக்கத்தில் நிற்க உனக்குச் சங்கடமாக இருந்தால் சொல். பந்தலில் ஜனத்தோடு உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே உட்கார எனக்கு நன்றாகவே பழக்கம்.

அன்று நான் புறப்பட எழுந்தபோது வைதேகி அவள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, மொத்தம் எத்தனை கோல் போட்டிருப்பே?"

செயலாளர் நான்தானே, ஒவ்வொரு ஆட்டத்தையும் என் கையால் எழுதியவன். "முப்பத்தேழும்மா" என்றேன்.

சௌந்தரராஜன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"முப்பத்தெட்டு அண்ணா. அரியமங்கலத்துல கொட்டற மழையில ஒண்ணு. அன்னிக்கு நீங்க வரலை."

உன் அப்பா